இடது கை அத்தியாயம்

என் மகள் பள்ளி நூலகத்திலிருந்து அந்த நாவலைக் கொண்டுவந்தபோது அதற்கு அட்டையே இல்லை. முன்பக்கங்கள் கிழிந்து, யார் எழுதியது, யார் மொழிபெயர்த்தது என்பதெல்லாம் போய்விட்டிருந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படிக்கிற கதை என்று டீச்சர் சொன்னாராம். நடுக்கடலில் பாறை மேல் ஒரு கலங்கரை விளக்கம். அதைக் காவல் காக்கிற அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். புயல் காலம் தொடங்கிவிட, சாமான் கொண்டுவரும் படகு வராமல் போகிறது. அத்தியாயத்துக்கு ஒன்றாகத் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். கதை அவ்வளவுதான்.

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கள்ளக்குறிச்சியிலிருந்து நாங்கள் கடலூருக்கோ பாண்டிச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும். அது அவளுக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. "அவங்க செய்யறதெல்லாம் நாமளும் செய்யலாம்மா. அவங்களும் நாலு பேரு, நாமளும் நாலு பேரு. நம்ம வூட்லயும் அப்பா வெளிய போறதில்ல" என்றாள். பத்து வயதுப் பிள்ளை இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். எனக்குத்தான் அடுப்பில் இருந்தது எது என்று மறந்துபோனது.

என் கணவர் சொந்தமாக டிராக்டரும் மக்காச்சோளம் அடிக்கிற மிஷினும் வைத்து ஊர் ஊராக வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர். போன வருஷ அறுவடையில், சிக்கிக்கொண்ட சோளத்தட்டையை இழுக்கப் போன கையை மிஷின் முழுசாகத் திருப்பிக் கொடுக்கவில்லை. வலது கையில் பாதி உள்ளங்கையும் கட்டைவிரலும்தான் மிச்சம். புண் ஆறியது. மனுஷன் ஆறவில்லை. அந்தக் கையின் மேல் எந்நேரமும் ஒரு துண்டு.

வலியைவிட அவரைத் தின்றது வேறொன்று. எங்கள் பக்கம் வலது கைக்குப் பெயரே சோத்தாங்கை. சாப்பிடுவது, கொடுப்பது, வாங்குவது, திருநீறு பூசுவது எல்லாம் அந்தக் கையால்தான். இன்னொரு கைக்கு என்ன பெயர், அது எதற்கு என்று ஊருக்கே தெரியும். அந்தக் கையால் ஒருவருக்கு ஒன்றைக் கொடுத்தால் அவமரியாதை, அந்தக் கையால் சோறு தின்றால் அருவருப்பு. இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து அவரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தவர். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இடது கையால் பிஸ்கட்டை எடுத்தால் தட்டிவிட்டதே அவர்தான். இப்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடது கையில் ஸ்பூனோடு சாப்பிட்டார். நான்கூடப் பார்க்கக் கூடாது. கல்யாணம் காட்சி எதுவென்றாலும் என்னை மட்டும் அனுப்பினார். நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். எத்தனையோ பேருடைய காயத்துக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிற எனக்கு, இந்தக் காயத்துக்கு அலமாரியில் எதுவும் இல்லை.

கார்த்திகையில் என் நாத்தனார் சின்னசேலத்திலிருந்து வெற்றிலை பாக்கோடு வந்தாள். அவளுடைய ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தை மாசம் மொட்டையடித்துக் காது குத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், சீர்த்தட்டை அவர் கையால் கொடுக்க வேண்டும். அவளுக்கு உடன்பிறந்தவர் இவர் ஒருத்தர்தான்.

"சித்தப்பா பையன உக்கார வெச்சிக்கோம்மா. எல்லாம் ஒண்ணுதான்" என்றார் இவர்.

"எப்பிடிண்ணா ஒண்ணாவும்? நீ குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இன்னொருத்தன் மடியில உக்கார வெச்சா ஊர்ல இன்னா பேசுவாங்க?"

"சபையில எந்தக் கையால குடுக்கச் சொல்ற? பீச்சாங்கையாலயா?"

அவள் அழுதாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "நீ வரலன்னா காதே குத்தல. புள்ள அப்பிடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணனும் தங்கையும் பிடிவாதத்தில் ஒரே வார்ப்பு. அவள் சொன்னால் செய்வாள். தை பிறக்க நாள் கொஞ்சம்தான் இருந்தது. நான் அவரோடு கத்தியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இதற்கு நடுவில்தான் வீட்டுக்குள் கலங்கரை விளக்கம் ஓடியது. மகள் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற சின்னவன் அவள் மேல் சாய்ந்துகொண்டு கேட்பான். இவர் உள்ளறையில் போனைப் பார்த்தபடி படுத்திருப்பார். கதை நல்ல கட்டத்துக்கு வரும்போது போனில் சத்தம் குறைவதை நான் கவனித்திருக்கிறேன்.

முதல் வேலை கப்பல் பிஸ்கட். மாவும் உப்பும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுட்டால் மாசக்கணக்கில் கெடாதாம். மகள் பிசைந்தாள், சின்னவன் டம்ளரால் வட்டம் வெட்டினான், நான் தோசைக்கல்லில் மூடி போட்டுச் சுட்டேன். கெடாது என்பது உண்மைதான், எறும்புகூடச் சீந்தவில்லை. சின்னவன் ஒரு கடி கடித்துவிட்டு, ஆடிக்கொண்டிருந்த பால்பல்லைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான். உள்ளேயிருந்து இவர், "அத வெச்சி செவுத்துல ஆணி அடிக்கலாம்" என்றார். தானாக வாய் திறந்து அவர் பேசி நாளாகியிருந்தது. வேறு நாளாக இருந்தால் என் சமையலைப் பேசியதற்குப் பதில் கிடைத்திருக்கும்.

அடுத்தது கயிறு. பழைய சாக்கைப் பிரித்துச் சணலைத் தொடையில் வைத்துத் திரித்தோம். கதையில் வருகிற அப்பா பிள்ளைகளுக்குப் பலவிதமான முடிச்சுச் சொல்லிக்கொடுக்கிறார். புத்தகத்தில் இருந்த படம் மங்கலாக இருந்ததால் மகள் கயிற்றை எடுத்துக்கொண்டு உள்ளறை வாசலுக்குப் போய் நின்றாள். மூட்டை ஏற்றிக் கட்டிப் பழகிய மனுஷன் அவர். படுத்தபடியே, "கீழ வுட்டு மேல எடு. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். இப்ப இழு" என்று வாயாலேயே கட்டினார். மகள் மட்டுமில்லை, சின்னவனும் கற்றுக்கொண்டான். அந்த வாரம் முழுக்க வீட்டில் எதையும் நேராக எடுக்க முடியவில்லை. பீரோ கைப்பிடி, தண்ணீர்க் குடம், என் கைப்பை எல்லாவற்றிலும் முடிச்சு. பள்ளியில் வரமாட்டேன் என்று அடம் பிடித்த எழுத்துகளைக்கூடச் சின்னவன் மிச்சக் கயிற்றைத் தரையில் வளைத்து வளைத்துப் போட்டான். 'ற' மட்டும் கடைசிவரை முதுகைத் திருப்பிக்கொண்டே நின்றது.

மூடுபனி அத்தியாயம் வந்ததும் மகள் மலைமேல் இருக்கிற கரியாலூருக்குப் போக வேண்டும் என்றாள். கதையில் பனி மூடி விளக்கு தெரியாதபோது படகுகளுக்கு வழி காட்ட மணி அடிப்பார்கள். கள்ளக்குறிச்சி வெயிலுக்கு அந்தப் பனி எங்கே வரும்? கல்வராயன் மலையில் கார்த்திகைக் காலையில் எதிரே வருகிற ஆள் தெரியாது. அப்பா வந்தால்தான் நான்கு பேர் கணக்கு சரியாக இருக்கும் என்று சின்னவன் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி அவரைக் கிளப்பினான். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலையேறும்வரை அவர் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தார். துண்டுக்குள் கை.

மேலே அன்றைக்கு நல்ல பனி. ரோட்டோரத்துப் புல்வெளியில் நின்றோம். வீட்டுப் பூஜை மணியை மகள் பையிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினாள். "நீதாம்ப்பா கலங்கரை விளக்கம். நாங்க மூணு பேரும் படகு."

அவர் என்னைப் பார்த்தார்.

"மணிய எல்லாரும் அந்தக் கையாலதாம்ப்பா அடிப்பாங்க. பூசாரிகூட" என்றாள் மகள். வாஸ்தவம்தான். சோத்தாங்கை தீபாராதனைத் தட்டைப் பிடித்திருக்கும், மணி எப்போதும் இடது கையில்தான். அவர் வாங்கிக்கொண்டார். நாங்கள் தள்ளிப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு, மணிச் சத்தத்தை வைத்தே திரும்பி வந்தோம். நான் நேராக ஒரு சில்வர் ஓக் மரத்தில் முட்டினேன். சின்னவன் யாரோ ஒருவருடைய ஆட்டைக் கட்டிப்பிடித்தான். அவர் சிரித்தார். பனிக்குள்ளிருந்து அந்தச் சிரிப்பு வந்தபோது நான் கண்ணைத் திறக்காமலே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதைக் கெடுத்தது தேன். பஸ் நிற்கிற இடத்தில் மலைக்காரம்மா ஒருத்தர் தேன் விற்றுக்கொண்டிருந்தார். வாங்குமுன் ருசி பார்க்க ஆளுக்கு ஒரு சொட்டு உள்ளங்கையில் விடுவார். மகள் நீட்டினாள், சின்னவன் நீட்டினான், நான் நீட்டினேன். "நீங்களும் கைய காட்டுங்க" என்று பாட்டிலைச் சாய்த்தபடி அந்தம்மா காத்திருந்தார். என் கணவர் பின்னால் நகர்ந்து, "எனக்கு வேணாங்க, இனிப்பு ஆவாது" என்றார். அவருக்கு இனிப்பு என்றால் உயிர். திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் எதையோ யோசித்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் அவள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அறிவித்தாள். "இந்த அத்தியாயத்துல புயல்ல அந்த அப்பாவுக்குக் கை ஒடிஞ்சிடுது. அதனால வூட்ல இருக்கற எல்லாரும் ஒரு நாள் பூரா இடது கையாலயே எல்லாம் செய்யறாங்க."

"அப்பிடி வரல! நீ பொய் சொல்ற" என்றான் சின்னவன்.

"வந்துச்சி. நீ தூங்கிட்ட."

அப்படி ஒரு அத்தியாயம் இல்லை என்று எனக்குத் தெரியும். கதை எப்படி முடிகிறது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது, ஏற்கெனவே கடைசிவரை புரட்டியிருந்தேன். "ஆமாண்டா, வந்துச்சி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூன்று பேருடைய வலது கையையும் மகள் துண்டால் கட்டினாள். வெங்காயம் நறுக்கினேன், கட்டை விரலளவுக்குத் துண்டுதான் வந்தது. உப்புமாவில் பாதி அடுப்பில். சின்னவன் சட்டைப் பொத்தான் போட முடியாமல் அப்படியே திறந்துவிட்டுக்கொண்டு சுற்றினான். அதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இடது கையால் உப்புமாவை எடுத்தேன், கை வாய்க்கு அருகில் வந்து நின்றது. சோப்புப் போட்டுக் கழுவிய கைதான். ஆனாலும் குமட்டியது. விளையாட்டுக்கு ஒரு வேளை சாப்பிடுகிற எனக்கே இப்படி என்றால், ஒவ்வொரு வேளையும் இதைத் தாண்டித்தான் இந்த மனுஷன் வயிற்றை நிரப்புகிறாரா என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

அவர் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். எங்களைப் பார்த்தபடி நின்றார். "அப்பிடி இல்ல. மணிக்கட்ட திருப்பிக்கினு, கொஞ்சமா எடு" என்று சொல்லி, எதிரே உட்கார்ந்து, எங்கள் எல்லாருக்கும் முன்னால் இடது கையால் எடுத்துச் சாப்பிட்டுக் காட்டினார். ஸ்பூன் இல்லாமல். அன்றிலிருந்து அவர் எங்களோடுதான் சாப்பிட்டார். நான் மனசுக்குள் காது குத்துக்கு நாத்தனாருக்குப் பட்டுப்புடவையே எடுத்துவிட்டேன்.

ஆனால் விளையாட்டு வாசல்படியோடு நிற்கவில்லை. மார்கழி பிறந்ததும் தெருப் பிள்ளையார் கோயிலில் காலைப் பொங்கல். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அன்றைக்குச் சின்னவன் தன் முறை வந்ததும் இடது கையை நீட்டினான். பூசாரி கரண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "டேய், பிரசாதத்துக்கு எந்தக் கைய நீட்டற? இதெல்லாம் வூட்ல சொல்லிக் குடுக்கலியா?"

"சொல்லிக் குடுத்தாங்க. எங்கப்பா இந்தக் கையாலதான் சாப்பிடுவாரு. நாங்களும் இந்தக் கையாலதான் சாப்பிட்டோம்" என்று தெருவே கேட்கும்படி பெருமையாகச் சொன்னான் என் பிள்ளை.

பூசாரி நல்ல மனுஷன். முகம் செத்துப்போய், அவன் கையிலேயே பொங்கலை வைத்துவிட்டார். பின்னால் நின்ற பெண்கள்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்து சேர்ந்திருந்தது. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் புக்க மொதல்ல பள்ளிக்கூடத்துல குடுத்துட்டு வரச் சொல்லு. என்ன வெச்சி வெளாண்டது போதும். சின்னசேலத்துக்கும் போன் பண்ணி வரலன்னு சொல்லிடு."

மகள் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். நான் போன் பண்ணவில்லை. செய்யச் சொன்னதைச் செய்யாமல் தள்ளிப்போடுவதில் எனக்கும் கொஞ்சம் சாமர்த்தியம் உண்டு.

இரண்டொரு நாள் கழித்துச் சாயங்காலம் சின்னவனைப் பால் வாங்க அனுப்பினேன். திரும்பி வந்தவனை ஜன்னல் வழியாக முதலில் பார்த்தவர் அவர்தான். இடது கையில் பால் பாக்கெட். வலது கை முழுக்கத் துண்டு சுற்றி, முழங்கைக்குக் கீழே பல்லால் கடித்து இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தான். அப்படியே தெரு முழுக்க நடந்து வந்திருக்கிறான்.

"கைக்கு இன்னாடா ஆச்சி?" என்று பதறிப்போய் வாசலுக்கு வந்தார்.

"ஒண்ணும் ஆவல. நானும் மூடிக்கினேன்."

"எதுக்கு?"

"நீ மூடிக்கினு இருக்க இல்ல?"

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து இடது கையால் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். மூட்டை கட்டுகிற முடிச்சு அது, அவரே சொல்லிக்கொடுத்தது, ஒரு கைக்கு மசியாது. பல்லால் இழுத்தார். அதற்கும் வரவில்லை. நான் ஓடப் போனேன். மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "இரும்மா" என்றாள். அவர் தன் துண்டை உதறிவிட்டு வலது கையை வெளியே எடுத்தார். கட்டைவிரலால் முடிச்சின் ஒரு பக்கத்தை அமுக்கிக்கொண்டார். விரல் வழுக்கியது, மறுபடியும் அமுக்கினார். கடைசியில் முடிச்சு விட்டது.

சின்னவன் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இவ்வளவு நாளில் அவன் அதைப் பக்கத்தில் பார்த்ததே இல்லை.

"வலிக்குதாப்பா?"

"இல்லடா."

"அப்ப ஏன் மூடிக்கிற?"

அவர் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து என்னிடம் கொடுத்தார், அவ்வளவுதான். தை பிறந்து ஒரு வாரம் கழிந்து, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என்னிடம், "என் பட்டுக்கரை வேட்டி தொவச்சி இருக்குதா?" என்று கேட்டார். அது எப்போதோ துவைத்து மடித்துத் தயாராக இருந்தது.

சின்னசேலம் போகும்போது பஸ்ஸில் துண்டு மறுபடியும் கையின் மேல் வந்துவிட்டது. நாத்தனார் வீட்டுக் குலதெய்வக் கோயிலில் புங்கமரத்தடியில் பாய் விரித்திருந்தார்கள். நல்ல கூட்டம். அண்ணனைக் கண்டதும் அவள் ஓடி வந்தாள். பாயில் உட்கார்ந்ததும் சீர்த்தட்டை நான் அவர் முன்னால் நகர்த்தினேன். புதுத்துணி, பழம், பூ, தோடு எல்லாம் வைத்து நல்ல கனம். அவர் துண்டை எடுத்து மடியில் போட்டுவிட்டு, இடது கையைத் தட்டுக்கு அடியில் கொடுத்து, வலது கையின் கட்டைவிரலை விளிம்பில் கவ்வி, இரண்டு கையாலும் தூக்கித் தங்கையிடம் நீட்டினார். சபை முழுக்க அந்தக் கையைப் பார்த்தது. சிலர் தரையைப் பார்த்தார்கள். நாத்தனார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியோடு குனிந்ததும் அது வீறிட்டுத் திமிறியது. காலை உதைத்து, கையை வீசி, எதையாவது பிடித்துக்கொள்ளத் துழாவியது. அதற்குக் கிடைத்தது அவருடைய அந்தக் கட்டைவிரல். இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதது.

போட்டோ எடுக்கிற பையன் எதிரே வந்து குனிந்தான். கேமராவைக் கண்ணில் வைத்தவன் தயங்கி இறக்கினான்.

"ண்ணா, அந்தக் கைய மட்டும் கொஞ்சம் கீழ எறக்கிக்கிங்க. படத்துல தெரியுது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவனை நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொன்னார், குழந்தையின் மொட்டைத் தலையை விட்டுக் கண்ணை எடுக்காமலே.

"எறக்கினா புள்ள அழுவும் தம்பி. தெரிஞ்சா தெரியட்டும், எடு."